முதன்மை இடம்: மதம், அரசு, ஆய்வாளர்கள்

இலங்கையின் முதலாவது குடியரசு அரசியலமைப்பு வரையப்பட்டுக்கொண்டிருந்த 1971ஆம் ஆண்டில், அரசியல் நிர்ணய சபையில் தமிழரசுக் கட்சி ஒரு திருத்தத்தைப் பிரேரித்தது. இலங்கைக் குடியரசு மதச்சார்பற்ற அரசாக இருக்கவேண்டும். ஆனால் அது பௌத்தம், இந்து சமயம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய நான்கையும் பாதுகாத்து வளர்க்கவேண்டும் என்பதே அந்தத் திருத்தத்தின் சாரம். திருத்தம் தோற்கடிக்கப்பட்டது. பௌத்தத்திற்கு முதன்மை இடம் அளிக்கும் வாசகமே 1972 மே 22இல் பிரகடனம் செய்யப்பட்ட அரசியலமைப்பின் ஆறாம் பிரிவாக அமைந்தது. அந்த அரசியலமைப்பின் சிற்பி எனப்படுபவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா, லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர், ட்ரொட்ஸ்கியவாதி. தான் மதச்சார்பற்ற அரசிலேயே நம்பிக்கை கொண்டவர் என்றும், ஆனால் அரசியலமைப்புகளை ஆக்குவது அரசியல் நிர்ணய சபைகளேயன்றி அமைச்சர் அல்லர் என்றும் பல ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் ஒரு சொற்பொழிவில் விளக்கமளித்தார். அந்த விளக்கத்தை வாசிக்கும் போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. கடவுளை நம்பாத ஒருவரின் கையாலேயே ஒரு மதம் அரசியலமைப்பில் ஏறி அமர்வதற்கு அந்தச் சமூகத்தில் அதற்கு முந்திய நூறு ஆண்டுகளில் என்ன நடந்திருக்கவேண்டும்?

அரசியல்வாதிகளின் உரைகளில் இதற்கு விடை கிடைக்கவில்லை. மானிடவியலாளரும் சமூகவியலாளரும் எழுதிய சில நூல்களிலேயே கிடைத்தது. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில், பல்கலைக்கழக அச்சகங்களில் வெளிவந்தவை. எமது வாசகர்களிற் பலரின் கைக்கு எட்டாதவை. அவற்றுள் சிலவற்றைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

முதலில் கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செக்கியூலரிசம் என்ற ஆங்கிலச் சொல்லே ஜோர்ஜ் ஹோலியோக் என்ற ஆங்கிலேயரால் 1851இல் ஆக்கப்பட்டது. ஒரு சமூகம் நவீனமயமாகும்போது மதம் தானாகவே பின்வாங்கும் என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேற்குலகச் சமூகவியலின் பொது நம்பிக்கை. அந்தக் கோட்பாட்டின் முக்கிய பேச்சாளர்களில் ஒருவராகக் கருதப்பட்ட பீட்டர் பேர்கர், 1999இல் தாமே அதனைக் கைவிட்டு, உலகம் முன்னெப்போதையும் போல மதப்பற்றுடனேயே இருக்கிறது என்று எழுதினார். மதம், மதச்சார்பின்மை என்ற இரண்டு வகைப்பாடுகளுமே நவீன அரசு உருவாக்கியவை என்று தலால் அசாத் 2003இல் வாதிட்டார். இலங்கையை அறிந்தவர்களுக்கு இவையொன்றும் திடுக்கிடும் செய்திகள் அல்ல. இங்கு நவீனத்துவத்தின் கருவிகளான அச்சுக்கூடம், பாடசாலை, குடிசன மதிப்பீடு, வாக்குப்பெட்டி ஆகிய நான்கும் மதத்தைப் பின்தள்ளவில்லை. மதத்திற்குப் புதிய உடலைக் கொடுத்தன.

பேராதனையிலும் பின்னர் பிரின்ஸ்டனிலும் கற்பித்தவரும், 2025இல் காலமானவருமான கணநாத் ஒபேசேகர, 1970இல் எழுதிய ஒரு கட்டுரையில் 'புரட்டஸ்தாந்து பௌத்தம்' என்ற பதத்தை உபயோகித்தார். அச்சொல்லுக்கு அவர் இரண்டு பொருள் கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பௌத்த மறுமலர்ச்சி கிறிஸ்தவ மிஷனரிமாருக்கும் ஆங்கில ஆட்சிக்கும் எதிரான ஓர் எதிர்ப்பு என்பது ஒன்று. எதிர்த்தவர்களிடமிருந்தே அந்த எதிர்ப்பு தன் வடிவங்களைக் கடன் வாங்கியது என்பது மற்றது. 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கிறிஸ்தவப் போதகர்களுடன் நடத்திய பகிரங்க விவாதம், மிஷனரிமார் அறிமுகப்படுத்திய விவாத மேடையையே அவர்களுக்கு எதிராகத் திருப்பியது. 1880இல் காலியில் வந்திறங்கிய அமெரிக்கரான கேர்ணல் ஒல்கொட் அடுத்த ஆண்டிலேயே பௌத்த வினாவிடை நூலை வெளியிட்டார். கிறிஸ்தவ ஞானோபதேச வினாவிடையின் அச்சொட்டான வடிவம் அது. ஞாயிறு பாடசாலையும், இளைஞர் பௌத்த சங்கமும், பௌத்தக் கொடியும் அந்த வரிசையில் வந்தவையே. டொன் டேவிட் ஹேவாவிதாரண என்ற பெயரோடு கிறிஸ்தவப் பாடசாலைகளிற் படித்த இளைஞர் அநகாரிக தர்மபாலவானார். துறவிக்கும் இல்லறத்தானுக்கும் இடைப்பட்ட, உலகத்திற்குள்ளேயே நின்று பணிசெய்யும் ஒரு புதிய பாத்திரம் அவரில் உருவானது.

கிற்சிறி மலல்கொட 1976இல் வெளியிட்ட நூல் இந்தச் சித்திரத்திற்கு வரலாற்று ஆதாரங்களைச் சேர்த்தது. மறுமலர்ச்சியைச் சுமந்தவர்கள் யார், கண்டிச் சியாம் நிக்காயாவிலிருந்து விலக்கப்பட்ட கரையோரச் சாதிகள் தமக்கென அமரபுர நிக்காயாவை உருவாக்கியதில் என்ன சமூக உந்துதல் இருந்தது என்பதை அவர் விரிவாக ஆராய்ந்தார். ஆக, மதமறுமலர்ச்சியின் உள்ளே ஒரு சாதிப் போராட்டமும் நடந்துகொண்டிருந்தது. எமது பக்கத்துக் கதையைச் சொல்லும்போது இதை நினைவில் வைத்திருப்பது பயன்தரும்.

ஒபேசேகரவின் பதம் பிரபலமானபின் அது எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவியாகவும் ஆயிற்று. ஆன் பிளக்பேர்ண் 2010இல் வெளியிட்ட ஆய்வு அந்தச் சாவியைச் சற்றுத் தேய்த்தது. வித்தியோதயப் பிரிவேனாவை 1873இல் நிறுவிய ஹிக்கடுவே சுமங்கல தேரரின் வாழ்வை அவர் நுணுகி ஆராய்ந்தார். ஒல்கொட்டுடன் ஒத்துழைத்த அதே தேரர், பழைய பாளி மரபிலும், நிக்காயாப் பூசல்களிலும், சியாம், பர்மா அரசவைத் தொடர்புகளிலும் காலூன்றி நின்றதைக் காட்டினார். காலனித்துவம் வந்தவுடன் பழையன யாவும் கழிந்து புதிய மதமொன்று பிறந்துவிட்டது என்பது மிகை என்பது அவரது முடிவு. எனக்கு அது நியாயமான திருத்தமாகவே படுகிறது. ஆயினும் வினாவிடையும் கொடியும் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு ஒபேசேகர தந்த விடை இன்னும் அசையாமல் நிற்கிறது.

இனி யாழ்ப்பாணத்திற்கு வருவோம். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் தெல்லிப்பழையில் பணியைத் தொடங்கினர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் ஆரம்பமானது. வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற நல்லூர் ஆறுமுகம், 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். மறு ஆண்டு பேர்சிவலிடமிருந்து விலகிச் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். கிழமைதோறும் பிரசங்கம், வினாவிடை வடிவில் சமயநூல், படிமுறையாக அமைந்த பாலபாடம், வசனநடையில் பெரியபுராணம் என அவர் செய்தவற்றைப் பட்டியலிட்டால், ஒல்கொட்டுக்கும் தர்மபாலவுக்கும் முப்பது ஆண்டுகள் முன்னதாகவே யாழ்ப்பாணத்தில் அந்தப் பரிசோதனை நடந்து முடிந்துவிட்டது தெரியவரும். டெனிஸ் ஹட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் நாவலரைப் பற்றி எழுதியவற்றில் இது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. 'புரட்டஸ்தாந்து பௌத்தம்' என்ற பதத்தைக் கேட்டுப் புன்னகைக்கும் சைவர்கள் தம் வீட்டுச் சைவ வினாவிடையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

நாவலர் மிஷனரிமாரை எதிர்த்தது மட்டும் அல்ல, சைவத்தின் உள்ளேயும் ஒரு கோடு கிழித்தார். ஆகமத்திற்கு ஒவ்வாதவை எனக் கருதியவற்றை ஒதுக்கச் சொன்னார். உயிர்ப்பலி அவற்றில் ஒன்று. கண்ணகி வழிபாடு மற்றொன்று. கண்ணகியைச் சமண சமயத்தவளாகவே அவர் கண்டார். யாழ்ப்பாணத்தின் கண்ணகை அம்மன் கோயில்கள் பல காலப்போக்கில் இராஜராஜேஸ்வரி முதலிய பெயர்களை ஏற்றன. நாவலரின் செல்வாக்கு அவ்வளவாக எட்டாத மட்டக்களப்பில் வைகாசிச் சடங்குகளோடு கண்ணகி இன்றும் கண்ணகியாகவே இருக்கிறாள். சிங்களவரிடையே அவளே பத்தினித் தெய்யோ. ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பெருநூல் இந்தப் பத்தினி வழிபாட்டைப் பற்றியது. ஒரே தெய்வம் ஓரிடத்தில் பெயர் மாற, மற்றோரிடத்தில் நிலைத்திருக்க, இன்னோரிடத்தில் வேறு மதத்தின் காவல் தெய்வமாகிய கதையை வாசிக்கும்போது, தூய சைவம், தூய பௌத்தம் என்ற சொற்களை உச்சரிக்க நாக்குக் கூசுகிறது.

என் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒன்றையும் இங்கு சொல்லவேண்டும். அமெரிக்க மிஷனின் 'உதயதாரகை' 1841இல் வெளிவந்தது. கத்தோலிக்கரின் 'சத்தியவேத பாதுகாவலன்' 1876இல், சித்திலெப்பையின் 'முஸ்லிம் நேசன்' 1882இல், சைவ பரிபாலன சபையின் 'இந்து சாதனம்' 1889இல் வந்தன. ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைத்துறையின் பூர்வீகம் முழுவதும் மதக் கண்டனத்தில்தான் இருக்கிறது. பத்திராதிபர்களாகிய நாங்கள் நடுநிலை பற்றிப் பேசும்போது எமது பாட்டன்மார் யார் என்பதை மறந்துவிடுகிறோம்.

சைவ மறுமலர்ச்சியின் சாதிப் பக்கத்தை எமது ஆய்வாளர்கள் சிலர் தொட்டிருக்கிறார்கள்; ஆனால் நிகழ்வொன்றை மையமாக வைத்து அதனை விரித்தவர் பிறையன் பஃபன்பேர்கர். 1990இல் வெளிவந்த அவரது கட்டுரை, 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பற்றியது. ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே செல்வதைத் தடுத்துக் கோயில் வாசலில் நின்றவர்களுக்குத் தலைமைதாங்கியவர், கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம். அக்கோயில் அமைந்திருந்தது காங்கேசன்துறைத் தொகுதியில். தொகுதியின் பிரதிநிதி எஸ்.ஜே.வி. செல்வநாயகம், ஒரு கிறிஸ்தவர். அவர் எந்தப் பக்கம் பேசினாலும் சைவத்தில் கிறிஸ்தவர் தலையிடுகிறார் என்ற குற்றச்சாட்டு காத்திருந்தது. சாதிப் பிளவு வெளிப்படாதிருக்க வேண்டும் என்ற தற்காப்பு உணர்வும் தமிழ்த் தேசியத்தை வார்த்தெடுத்தது என்பது பஃபன்பேர்கரின் வாதம். எமக்கு உவப்பான வாதம் அல்ல. ஆனால் தட்டிக்கழிக்கக்கூடிய வாதமும் அல்ல.

மதமும் இனமும் எப்போது ஒன்று, எப்போது வேறு என்ற கேள்வியைக் கற்றறிந்தோர் சபையில் முதலில் எழுப்பியவர் ஒரு தமிழர் என்பது இன்னொரு சுவாரஸ்யம். சட்டநிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் மதத்தால் முஸ்லிம்கள், இனத்தால் தமிழர் என்பது அவரது முடிவு. மொழி, பழக்கவழக்கம், உடற்கூறு என்று ஆதாரங்களை அடுக்கியிருந்தார். கட்டுரை ஆராய்ச்சி வடிவில் இருந்தாலும் காலம் அரசியற் காலம். முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வழங்குவது பற்றி அப்போது பேசப்பட்டுக்கொண்டிருந்தது. மறு ஆண்டு, 1889இல், எம்.சி. அப்துல் றஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் இராமநாதனுக்குத் தனி நூலாகவே மறுப்பு எழுதினார். 1915 கலவரத்தில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபின், கைதான சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் இலண்டன்வரை சென்று வாதாடியது அந்த மனக்கசப்பை மேலும் இறுக்கியது.

இராமநாதன் கூறிய தரவுகளில் பல சரியானவை. மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் நீண்டகாலம் களஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில், அங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையையும், மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தையும் பொதுவாகக் கொண்டிருப்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார். பிழை தரவில் இல்லை. ஒரு சமூகம் தன்னை யார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை இன்னொரு சமூகத்தின் தலைவர் தரவுகளைக் காட்டிப் பறிக்க முயன்றதில் இருக்கிறது. இலங்கை முஸ்லிம்களின் தனித்த இன அடையாளம் ஒரு வரலாற்று நிர்மாணம் என்பதையும், அது நிர்மாணம் என்பதால் பொய்யாகிவிடாது என்பதையும் பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் தமது எழுத்துக்களில் நிதானமாக எடுத்துரைத்திருக்கிறார். சிங்களவரும் தமிழரும் தம்மைப் பற்றி இதே நிதானத்தோடு எழுதுவது அருமை.

மறுதிசையிலும் ஓர் உதாரணம் உண்டு. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையான கரையோரக் கத்தோலிக்கர் தமிழ் பேசியவர்கள். மதம் மாறவில்லை, வணங்கும் அந்தோனியாரும் மாறவில்லை. பாடசாலைகளின் போதனாமொழி சிங்களமாகிய பின் இரண்டொரு தலைமுறையில் பிள்ளைகள் சிங்களவர் ஆயினர். அதே கரையில், சைவக் கோயிலும் தீமிதிப்பும் நிலைத்த உடப்பு தமிழாகவே நின்றது. மதம் மொழியைக் காப்பாற்றிய கிராமமும், மதம் இருந்தும் மொழி போன பட்டினமும் அடுத்தடுத்து இருக்கின்றன. பொதுவிதி தேடுவோர் இந்தக் கரையில் ஒருநாள் நடந்து பார்க்கவேண்டும்.

சர்வசன வாக்குரிமை 1931இல் வந்ததும் தென்னிலங்கையில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. அங்கிலிக்கன் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றுப் பிறந்த மேட்டுக்குடித் தலைவர்கள் பௌத்தர்களாயினர். 'டொனமூர் பௌத்தர்' என்ற கேலிப்பெயர் அப்போது எழுந்ததே. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அவர்களில் ஒருவர். அதற்கும் முன்னரே பெயர்மாற்றங்கள் தொடங்கிவிட்டன. ஜோர்ஜ் பீரிஸ் மலலசேகர குணபால பியசேன மலலசேகர ஆனார், முதலெழுத்துக்கள் மட்டும் ஜி.பி. ஆகவே இருந்தன. இவற்றையெல்லாம் வெறும் சந்தர்ப்பவாதம் என்று தள்ளுவது இலகு. தர்மபாலவின் எழுத்துக்களோடு வளர்ந்த தலைமுறைக்கு மதமாற்றம் வீடு திரும்பலாகவே தோன்றியிருக்கலாம். பௌத்த விசாரணைக் குழுவின் அறிக்கை 1956 பெப்ரவரியில், தேர்தலுக்குச் சற்று முன்னர், வெளிவந்தபோது அது பௌத்தத்திற்குத் துரோகம் இழைக்கப்பட்டதாகவே பேசியது. உதவிபெறும் பாடசாலைகளை 1960-61இல் அரசு பொறுப்பேற்றதும், 1962 ஜனவரிச் சதிப்புரட்சி முயற்சியில் சம்பந்தப்பட்ட அதிகாரிகளிற் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாக இருந்ததும் அதே தொடரின் அடுத்த அத்தியாயங்கள்.

அந்த அறிக்கையின் தலைப்பை நினைவூட்டும் வகையில், ஒரு கேள்விக்குறியோடு, 1992இல் ஒரு நூல் வெளிவந்தது. அதன் பெயர் 'பௌத்தம் துரோகமிழைக்கப்பட்டதா?' எழுதியவர் ஹாவர்ட் பல்கலைக்கழக மானிடவியற் பேராசிரியர் ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா. இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவர். 1956 கலவரம் வெடித்தபோது அவர் தம் பல்கலைக்கழக மாணவர்களோடு கல்லோயாவில் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். அதன்பின் அவர் இலங்கையில் களஆய்வு செய்வதை விட்டுத் தாய்லாந்துக்குச் சென்றார். தாய்லாந்துப் பௌத்தம் பற்றி அவர் எழுதிய நூல்கள் உலகப் புகழ் பெற்றவை. 1983க்குப் பிறகே இலங்கையைப் பற்றி எழுதத் திரும்பினார். அகிம்சையைப் போதிக்கும் ஒரு மதம் எவ்வாறு வன்முறை அரசியலோடு பிணைந்தது என்பதே அவருடைய வினா. அறநெறியாகிய பௌத்தம் மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளப்பட்டு, நாடு, இனம், மொழி என்பவற்றின் உடைமையாகிய பௌத்தம் முன்னுக்கு வந்தது என்பது அவர் கண்ட விடை.

நூல் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. தென்னிலங்கைப் பத்திரிகைகளில் பல வாரங்கள் கண்டனங்கள் வந்தன. கண்டித்து எழுதியவர்களில் நூலை வாசித்தவர்கள் எத்தனை பேர் என்பது சந்தேகமே; மறுபுறம், அதைப் புகழ்ந்த தமிழர்களிலும் வாசித்தவர்கள் அதிகம் இல்லை. எனக்கு அது ஒளிப்படப் பிரதியாகவே கிடைத்தது. சிங்கள மக்களைப் பழிக்கும் நூலை எதிர்பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்திருப்பார்கள். பௌத்த பிக்குகளின் நியாயமான மனக்குறைகளுக்கும், நிலமற்ற கிராமியச் சிங்கள இளைஞரின் ஏமாற்றத்திற்கும் தம்பையா கொடுத்த இடம் பெரிது. எச்.எல். செனவிரத்ன என்ற சிங்கள மானிடவியலாளர் 1999இல் வெளியிட்ட 'அரசர்களின் பணி' தம்பையாவின் நூலைவிடக் கடுமையானது. தர்மபாலவின் சமூகசேவைக் கனவு, வித்தியாலங்கார பிக்குகளின் கையில் அரசியற் கனவாக மாறியதை அவர் ஆவணங்களோடு விமர்சித்தார். சொன்னது ஏறத்தாழ ஒன்றே. சொன்னவரின் பெயருக்கேற்பக் கூச்சல் வேறுபட்டது. தம்பையா 2014இல் காலமானார்.

1972இன் வாசகம் 1978 அரசியலமைப்பில் ஒன்பதாம் உறுப்புரையாயிற்று. 'பௌத்தம்' என்றிருந்த இடத்தில் 'பௌத்த சாசனம்' வந்தது. அதை மாற்றுவதற்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் தேவை என்ற பூட்டும் சேர்க்கப்பட்டது. இந்த உறுப்புரை நடைமுறையில் என்ன செய்தது என்பதைச் சட்ட ஆவணங்களின் வழி ஆராய்ந்தவர் பெஞ்சமின் ஷொந்தால். அவரது நூல் 2016இல் வெளிவந்தது. மதப் பிணக்கைத் தணிப்பதற்காக எழுதப்பட்ட அரசியலமைப்பு வாசகங்களே பிணக்கை வளர்க்கின்றன என்பது அவருடைய முக்கிய கண்டுபிடிப்பு. நீதிமன்றத்தில் நிற்கவேண்டுமானால் காணி, ஒலிபெருக்கி, வியாபாரம் என எந்தப் பிரச்சினையையும் மதப் பிரச்சினையாக மொழிபெயர்த்தாக வேண்டும். மொழிபெயர்த்தபின் அது உண்மையாகவே மதப் பிரச்சினையாகிவிடுகிறது.

2003, 2004ஆம் ஆண்டுகளின் நிகழ்வுகளைச் செய்தியாக்கியவர்களுக்கு இது புரியும். மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைப்பதற்கான சட்டமூலத்தை 2003இல் ஆராய்ந்த உயர் நீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமை அரசியலமைப்பில் இல்லை என்றும், அச்சட்டமூலம் ஒன்பதாம் உறுப்புரைக்கும் முரணானது என்றும் தீர்மானித்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2005இல் இதனை உரிமை மீறல் எனக் கண்டது. 2004 ஏப்ரல் தேர்தலில் ஜாதிக ஹெல உறுமயவின் ஒன்பது பிக்குகள் பாராளுமன்றம் சென்று, பலவந்த மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலத்தைக் கொண்டுவந்தனர். அதே உயர் நீதிமன்றம் அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்றது. அந்த நாட்களில் எமது ஆசிரிய பீடத்தில் இந்து வாசகர்களின் கடிதங்கள் குவிந்தன. பிக்குகளின் சட்டமூலத்தை ஆதரித்து எழுதியவர்கள் அவர்களில் கணிசமானோர். மலையகத்திலும் வன்னியிலும் புதிய சுவிசேஷ சபைகளைக் கண்டு அஞ்சிய சைவர்களுக்கு, ஹெல உறுமய அந்த ஒரு விடயத்தில் நட்புச் சக்தியாகத் தோன்றியது.

கொள்கையளவில் தமிழ்த் தேசியம் மதச்சார்பற்றது. தமிழர் விடுதலைக் கூட்டணி 1976 மே 14இல் பண்ணாகத்தில் செல்வநாயகத்தின் தலைமையில் நிறைவேற்றிய வட்டுக்கோட்டைத் தீர்மானம், சுதந்திர, இறைமையுள்ள, மதச்சார்பற்ற, சோஷலிசத் தமிழீழ அரசைக் கோரியது. பதினைந்து மாதங்களுக்கு முன்னர்தான் காங்கேசன்துறை இடைத்தேர்தலில் பெரும்பான்மைச் சைவ வாக்காளர்கள் அந்தக் கிறிஸ்தவரைப் பதினாறாயிரத்திற்கு மேற்பட்ட வாக்குகளால் வெல்லவைத்திருந்தனர். இது மெய்யான சாதனை. உலகில் அதிகம் காணக்கிடைக்காததும்கூட. ஆனால் 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதையும், ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் சுமார் எழுபத்தையாயிரம் பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதையும் அந்தத் தீர்மானத்தின் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்கவேண்டும். சைவரையும் கிறிஸ்தவரையும் தமிழராக இணைத்த மொழி, தமிழையே பேசிய முஸ்லிமை உள்ளெடுக்கவில்லை. மதச்சார்பின்மை என்று நாம் அழைத்தது சைவருக்கும் கிறிஸ்தவருக்கும் இடையிலான உடன்படிக்கையாக மட்டும் இருந்ததா என்பது இன்னும் ஆழமாக ஆராயப்படவேண்டிய பொருள்.

அந்த உடன்படிக்கையும் போருக்குப் பின் தளர்ந்துவருகிறது. வவுனியாவில் 2016இல் சிவசேனை என்ற பெயரில் ஓர் அமைப்பு தோன்றியது. 2019 மார்ச்சில், மகா சிவராத்திரிக்கு முந்திய நாள், திருக்கேதீச்சரம் செல்லும் வழியில் அமைக்கப்பட்ட வரவேற்பு வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கியெறிந்தனர். இரு தரப்பும் தமிழர். இரு தரப்பும் போரில் ஒரே முகாமில் இருந்தவர்கள். அதே காலத்தில் முல்லைத்தீவு நீராவியடியில் பிள்ளையார் கோயில் வளவுக்குள் பிக்கு ஒருவரின் உடல், நீதிமன்றக் கட்டளையையும் மீறித் தகனம் செய்யப்பட்டது. வடக்கின் சைவர் ஒருவர் இவ்விரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கத் தொடங்கினால், தெற்கில் 1880களில் நடந்தது இங்கு மீண்டும் நடக்கிறது என்று ஆய்வாளர் எழுதுவார்.

கதிர்காமத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏனெனில் மாற்றம் எப்போதும் வேலிகட்டும் திசையில் மட்டும் நடப்பதில்லை. ஒபேசேகர 1970களின் இறுதியில் எழுதிய கட்டுரைகளில், தமிழ்ப் பக்தரிடம் இருந்த தீமிதிப்பும், காவடியும், தெய்வத்தின்பால் உருகும் பக்தியும் சிங்கள பௌத்தரிடம் பரவியதைப் பதிவுசெய்தார். சடைமுடி தரித்த கதிர்காமப் பெண் துறவியரைப் பற்றிய அவரது 1981 நூல் மானிடவியல் மாணவர்களின் பாடநூல். வினாவிடையும் ஞாயிறு பாடசாலையும் வறட்சியாக்கிய மனங்களுக்கு முருகன் தேவைப்பட்டான் என்பது ஒபேசேகர தரும் விளக்கம். ஆனால் பக்தி கைமாறிய அதே காலத்தில், புனித நகரத் திட்டத்தோடு கோயிற் சூழலின் நிர்வாகமும் கைமாறிற்று. வழிபாட்டில் கலத்தல், உடைமையில் பிரிதல் என இரண்டும் ஒரே வீதியில் ஒரே நேரத்தில் நடந்தேறின.

புதிய அரசியலமைப்புக்கான வழிகாட்டல் குழுவின் இடைக்கால அறிக்கை 2017 செப்டெம்பரில் வெளிவந்தபோது, ஒன்பதாம் உறுப்புரைக்கு மாற்றாக இரண்டு வாசகங்கள் முன்வைக்கப்பட்டன. இரண்டிலும் முதன்மை இடம் இருந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தன் அவதானிப்பில், இலங்கை மதச்சார்பற்ற அரசாக இருக்கவேண்டும் என்பதே தனது நிலைப்பாடு என்றும், இரண்டு பிரதான கட்சிகளும் உடன்படுமாயின் அந்த வாசகத்திற்குத் தானும் இணங்கும் என்றும் தெரிவித்தது. மகாநாயக்க தேரர்கள் புதிய அரசியலமைப்பே வேண்டாம் என்றனர். அறிக்கை அந்த நிலையிலேயே நின்றுபோயிற்று.